டோஸ்டரா, தோசைக்கல்லா? மூன்று பந்தி வீட்டில் ரொட்டியும் முட்டையும்

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். காலைச் சாப்பாடு இங்கே மூன்று பந்தி. கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க 5.45க்குக் கிளம்ப வேண்டும், அதனால் 5.30க்கு அவர் பந்தி. பையனுக்கு 7.15. அவன் ஷூ மாட்டும்போதே ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். பூஜை முடித்து வரும் அத்தையும் நானும் உட்காரும்போது 8.30 ஆகிவிடும்.

மாவு இருக்கிற நாளில் இது ஒரு கவலையே இல்லை. இட்லியை ஹாட்பாக்ஸில் போட்டு மூடினால் கடைசிப் பந்திவரை சூடு தாங்கும். வாரத்தில் மூன்று நாள் மாவு இருக்காது. அன்று ரொட்டியும் முட்டையும். ஹாட்பாக்ஸில் போட்ட டோஸ்ட் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். ஆஃப்பாயிலை ஆறவிட்டால் மேலே தோல் படியும். ஒரே சாப்பாட்டை மூன்று தடவை அடுப்பு மூட்டிச் செய்தால் என் காலை முழுக்க அடுப்படியிலேயே போய்விடும்.

போன வருஷம் டோஸ்டர் வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கரண்ட் பில், சுகாதாரம், ருசி என்று பேச்சு எங்கெங்கோ போனது. வாங்கிப் பல மாதம் புழங்கிய பிறகு நான் கண்டது வேறு. எது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எந்த ரொட்டி, எந்த அடுப்பு, முட்டையை எப்படிச் செய்வது என்ற மூன்று கேள்விக்கும் விடை அதை வைத்தே கிடைத்தது.

முதலில் ரொட்டி. எங்கள் வீட்டில் ரொட்டி என்றால் நீள ரொட்டி, பிரெட் என்றால் சதுரத் துண்டு. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் தேதியோடு இங்கே நடைமுறையில் முடிந்தது. ரொட்டிப் பழக்கம் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது. அந்த நீள ரொட்டியில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர பெரிதாக எதுவும் கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும் இல்லாததால் வாங்கிய சில மணி நேரம்தான் அதன் உச்சம். கடற்காற்றின் ஈரத்தில் சாயங்காலத்துக்குள் மேல்தோல் தொய்ந்துவிடும். மறுநாள் காலையில் கடித்தால் தோல் மாதிரி இழுக்கும், உள்ளே கட்டை மாதிரி இறுகும்.

ஆனால் டோஸ்ட்டுக்கு அந்த நேற்றைய ரொட்டிதான் வேண்டும். அன்றைக்குச் சுட்ட ரொட்டியைக் கல்லில் போட்டுப் பாருங்கள், உள்ளே இருக்கிற ஈரம் கிளம்பி மேலே மொறுமொறுப்பு வரவிடாது. ரொட்டி பழசாவது தண்ணீர் வற்றுவதால் மட்டும் இல்லை. சுட்டபோது இளகிய மாவுச்சத்து மெல்ல மெல்லத் திரும்ப இறுகுகிறது. மறுபடி சூடு காட்டினால் அந்த இறுக்கம் தளரும். அதனால்தான் கட்டையாகிப்போன ரொட்டிகூட டோஸ்ட் ஆனதும் உள்ளே மெத்தென்று ஆகிறது. சாய்வாக, விரல் கனத்துக்கு வெட்டினால் ஒரு ரொட்டியில் எங்கள் நாலு பேருக்கும் ஆகிவிடும்.

பேக்கரியில் விற்கும் மில்க் பிரெட்டில் பாலும் சர்க்கரையும் சேர்வதால் சீக்கிரம் சிவக்கும். கண் அசந்தால் கருகும். வெண்ணெய் தடவி டீயோடு சாப்பிட அது அருமை. உப்பும் மிளகும் போட்ட முட்டைக்கு அந்தத் தித்திப்பு ஒட்டுவதில்லை என்பது என் நாக்கு. பையன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

பாக்கெட் சாண்ட்விச் பிரெட் எல்லாத் துண்டும் ஒரே அளவு, நீள ரொட்டியைவிட அதிக நாள் தாங்கும். கோதுமை பிரெட் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து எடுக்காமல் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் பெயர் மைதாவாக இருந்தால், பழுப்பு நிறம் கேரமல் சேர்த்ததாலும் வந்திருக்கலாம். 2016இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட் மாதிரிகளைச் சோதித்து வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு, ரொட்டி நன்றாக உப்புவதற்காகச் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை இனி மாவில் சேர்க்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த ஆண்டே தடை போட்டது. அதிலிருந்து எந்த பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காமல் நான் கூடையில் போடுவதில்லை.

எங்கே வைப்பது என்பதும் பெரிய கேள்வி. இந்த ஊர் வெக்கையில், அதுவும் ஐப்பசி மழை ஈரத்தில், வெளியே வைத்த பிரெட்டில் மூன்றாம் நாளே பச்சைப் புள்ளி தெரியும். ஒரு துண்டில் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போட்டால் போதாது, பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியாமல் மற்றதிலும் ஓடியிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பூஞ்சை சீக்கிரம் வராது. ஆனால் மாவுச்சத்து இறுகுவது அந்தக் குளிரில்தான் ரொம்ப வேகம். வெளியே ஒரு நாளில் ஆகிற கட்டை உள்ளே சில மணி நேரத்தில் ஆகிவிடும். ஃப்ரீசரில் இரண்டும் கிட்டத்தட்ட நின்றுவிடுகின்றன. வெட்டி, காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு வாரம் கவலை இல்லை. டோஸ்டர் விஷயத்தில் என் மனம் மாறியதே இந்த ஃப்ரீசரால்தான்.

முதலில் தோசைக்கல். எங்கள் வீட்டு இரும்புக் கல் அத்தை கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது. மிதமான தீயில் அது முழுக்கச் சூடேற ஐந்து நிமிடம் வேண்டும். சூடேறிவிட்டால் நெருக்கி வைத்து நாலு துண்டு, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். தோசைத் திருப்பியால் மெல்ல அழுத்தினால் நிறம் சீராக வரும். நெய் ஒரு சொட்டு போட்டால் ரொட்டி அதைக் குடித்துப் பொன் நிறமாகும். வெண்ணெய் தடவிய பக்கத்தைக் கல்லில் போடுகிறவர்கள் தீயைக் குறைக்க வேண்டும். வெண்ணெயில் இருக்கும் பாலின் திடப்பொருள் சீக்கிரம் கருகும், நெய்யில் அது நீங்கியிருப்பதால் நெய் தாங்கும்.

இந்தப் பொன் நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு. 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விளக்கினார், மையார் வினை என்று அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். புரதமும் சர்க்கரையும் நல்ல சூட்டில் சேரும்போது வரும் நிறமும் மணமும் அது. மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, அதுவரை ரொட்டி வெளுப்பாகவே கிடக்கும். ஈரம் போனதும் ஒரே நிமிடத்தில் சிவக்கும், அடுத்த நிமிடத்தில் கருகும். மாவுப் பண்டம் கருகக் கருக அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். அதனால் பொன் நிறத்திலேயே எடுத்துவிடுங்கள். கருகியதைக் கத்தியால் சுரண்டிக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

டோஸ்டருக்கு வருவோம். நாங்கள் வாங்கியது சாதாரண இரண்டு துண்டு டோஸ்டர், 800 வாட். ஒரு தடவைக்கு இரண்டரை நிமிடம். எட்டுத் துண்டு போட்டாலும் பத்து நிமிடம்தான் ஓடும், அதற்கு 0.13 யூனிட் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மாதம் இரண்டு யூனிட்கூட வராது. கரண்ட் பில் ஏறிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

வேகம் என்று பார்த்தால் நான் நினைத்ததற்கு நேர்மாறு. ஒரே ஆளுக்கு இரண்டு துண்டு என்றால் டோஸ்டர்தான் முந்தும், கல் சூடேறுவதற்குள் தட்டுக்கு வந்துவிடும். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், முன்பே சூடேற்றி வைத்த கல் முந்தும். டோஸ்டரில் நாலாவது ஆளின் துண்டு வெளியே வரும்போது முதல் ஆளுடையது ஆறிப்போயிருக்கும்.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வாங்கிய முதல் வாரமே நீள ரொட்டியைச் சாய்வாக வெட்டி உள்ளே விட்டேன். இறங்கியது, ஏறவில்லை. ரொட்டியின் தடித்த முதுகு கம்பியில் மாட்டிப் புகைய ஆரம்பித்தது. கை தானாகக் கத்தியைத் தேடிப் போனது. நல்லவேளை, பக்கத்தில் நின்ற பையன், “அம்மா, பிளக்கை முதல்ல பிடுங்கும்மா!” என்று கத்தினான். அவன் சொன்னதுதான் சட்டம். உள்ளே சிவந்து எரிகிற கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்டி எடுக்க வேண்டும். கத்தி, ஸ்பூன், முள்கரண்டி எதுவும் உள்ளே போகக் கூடாது.

இன்னொன்று எறும்பு. அடியில் துகள் விழும் தட்டு ஒன்று இழுத்து எடுக்கிற மாதிரி இருக்கும். நாலு நாள் மறந்தேன். ஐந்தாம் நாள் காலை சுவிட்சைப் போட்டதும், உள்ளே இருந்து சிவப்பு எறும்பு வரிசை சுவரில் ஏறி ஓடியது. இப்போது ஒவ்வொரு நாளும் உதறித் துடைத்துத் துணி போட்டு மூடுகிறேன். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் துருவையும் பார்க்க வேண்டும். இரும்புக் கல்லுக்கு எண்ணெய் தடவி வைத்தால் போதும், டோஸ்டரின் உள்கம்பிக்கு அப்படி எதுவும் செய்ய முடியாது.

இத்தனையும் இருந்தும் டோஸ்டரை நான் வைத்துக்கொண்டதற்கு இரண்டு காரணம். ஒன்று, ஃப்ரீசர் துண்டு நேராக அதில் இறங்கலாம். 5.15க்கு எழுந்து ஐஸ் பிடித்த இரண்டு துண்டைப் போட்டு, முட்டையைப் பார்ப்பதற்குள் தயார். கல்லில் போட்டால் ஐஸ் உருகி அடிப்பக்கம் ஊறிப் போகிறது.

இரண்டாவது காரணம் அத்தை. வெள்ளிக்கிழமை அவர் முட்டை தொடமாட்டார், புரட்டாசி மாதம் முழுக்கவும் கிடையாது. ஆம்லெட் போட்ட கல்லில் அவருக்கு ரொட்டி வாட்ட முடியாது. கழுவினாலும் இரும்பில் வாசனை தங்கும். முன்பெல்லாம் அவருக்காக இன்னொரு கல்லைக் காய வைப்பேன். இப்போது டோஸ்டர் பக்கம் முட்டை போவதே இல்லை. தனக்கென்று ஒரு சுத்தமான இடம் அடுப்படியில் இருப்பதில் அத்தைக்கு எவ்வளவு நிம்மதி என்பது வாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் சைவமும் அசைவமும் கலந்திருந்தால் இந்த ஒரு காரணத்துக்கே டோஸ்டர் வாங்கலாம் என்பேன்.

சாண்ட்விச் மேக்கரையும் சிலர் சொல்வார்கள். எங்கள் தேவைக்கு அது வேண்டாம் என்று விட்டேன். அமுக்கிப் பிடிப்பதால் ஆவி வெளியேற வழி குறைவு, மொறுமொறுப்பும் குறைவு.

எதில் வாட்டினாலும் டோஸ்ட்டைத் தட்டையான எவர்சில்வர் தட்டில் வைக்காதீர்கள். ஒரு நிமிடம் கழித்துத் தூக்கிப் பாருங்கள், தட்டில் துண்டின் வடிவத்திலேயே வேர்த்திருக்கும். ரொட்டியிலிருந்து வந்த ஆவி குளிர்ந்து நீராகி, திரும்ப ரொட்டிக்குள்ளேயே ஏறுகிறது. சப்பாத்தி வாட்டும் கம்பி வலையின் மேல், ஒன்றின் மேல் ஒன்று படாமல் சாய்த்து வைத்தால் கால் மணி நேரம் மொறுமொறுப்பு நிற்கும். ஆறும், ஆனால் நமுக்காது.

இனி முட்டை. காத்திருக்கும் குணத்தை வைத்துப் பார்த்தால் ஆஃப்பாயில்தான் ரொம்ப அவசரக்காரன். வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் இறுகத் தொடங்கும், மஞ்சக்கரு 65 முதல் 70க்குள். அந்தச் சிறு இடைவெளியில்தான் ஆஃப்பாயில் நிற்கிறது. கல்லிலிருந்து எடுத்த பிறகும் உள்சூட்டில் வேகும். எடுத்ததும் சாப்பிட ஆள் தட்டோடு உட்கார்ந்திருந்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. மஞ்சக்கருவை உடைத்து, அது மொறுமொறு ரொட்டியின் ஓட்டைகளில் இறங்கும்போது மேலே மிளகுத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும். கணவர் பந்திக்கு அதுதான். ஒரே ஆள், ஒரே முட்டை, இரண்டு நிமிடம்.

வயதானவர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இருந்தால் மஞ்சக்கரு ஓடுகிற முட்டை வேண்டாம். சால்மோனெல்லா கிருமி இருந்தால் அது சாக முட்டை உள்வரை 71 டிகிரி சூடு காண வேண்டும். அவர்களுக்குத் திருப்பிப் போட்ட ஃபுல்பாயில்தான் சரி.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். கொதிக்கிற தண்ணீரில் முட்டையை இறக்கி மூன்று நிமிடம் வேகவைப்பார். சின்னக் கிண்ணத்தில் நிமிர்த்தி வைத்து, ஸ்பூனால் தலையைத் தட்டித் திறப்பார். வெண்ணெய் தடவிய ரொட்டியை விரல் விரலாக வெட்டி உள்ளே தோய்த்துச் சாப்பிடுவார். ஓடே கிண்ணமாகிவிடுவதால் கழுவப் பாத்திரம்கூட அதிகம் இல்லை. சிறுவயதில் அதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் அவசரம் இல்லாத காலையில், நாங்களும் அப்படிச் சாப்பிடுகிறோம்.

பொறுமைசாலி என்றால் அவித்த முட்டை. 5.30க்கு வைத்து இறக்கினால் 8.30 வரைக்கும் ஓட்டுக்குள் அப்படியே இருக்கும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு தட்டில் அடுக்கி ஆவியில் 12 நிமிடம் வைக்கிறேன், தண்ணீரில் உருண்டு விரிசல் விடுகிற தொல்லை இல்லை. உடனே பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். கூடுதலாக வெந்தால் மஞ்சக்கருவைச் சுற்றிச் சாம்பல் பச்சையில் ஒரு வளையம் விழும். மஞ்சக்கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்தது அது. கெடுதல் இல்லை, வாசனைதான் பிடிக்காது.

ஓடு ஒட்டிக்கொண்டு வெள்ளைக்கருவும் பிய்ந்து வருகிறதா? முட்டை ரொம்பப் புதுசு என்று அர்த்தம். நாளாக நாளாக ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு வெளியேறி உள்ளே காரத்தன்மை கூடும், அப்போதுதான் தோல் விட்டுக்கொடுக்கும். அதனால் புது முட்டையை ஆஃப்பாயிலுக்கும், ஒரு வாரம் ஆனதை அவிப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். எது புதுசு என்று தெரியாவிட்டால் தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் வேண்டாம். வாங்கி வந்ததும் கழுவி அடுக்காமல், சமைப்பதற்கு முன் கழுவுங்கள். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலம் கழுவினால் போய்விடும்.

பையனுக்கு அவித்த முட்டையை மட்டும் தட்டில் வைத்தால் உருட்டிக்கொண்டே இருப்பான். வட்டமாக அரிந்து, டோஸ்ட்டின் மேல் அடுக்கி, மிளகும் உப்பும் போட்டால் வேன் வருவதற்குள் முடிந்துவிடும்.

பொடிமாஸ் ஆஃப்பாயிலுக்கும் அவித்த முட்டைக்கும் நடுவில். மூன்று முட்டையை வெங்காயம், பச்சைமிளகாயோடு கிளறினால் நாலு பேருக்கு வரும், முட்டை விலை ஏறியிருக்கிற வாரத்தில் அது பெரிய உதவி. ஈரம் வற்றாமல் இறக்க வேண்டும். அரை மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் தண்ணீர் விட்டு ரொட்டியை ஊற வைத்துவிடும்.

பிரெட் ஆம்லெட் தனி. கல்லில் ஊற்றிய முட்டையின் மேலேயே துண்டைத் தோய்த்துப் போட்டுத் திருப்பி மடித்தால், ஒரே கல்லில் எல்லாம் முடிந்தது. கையில் எடுத்துக்கொண்டே கிளம்பலாம். மொறுமொறுப்பை எதிர்பார்க்கக் கூடாது. ரொட்டி முட்டையை உறிஞ்சி மெத்தென்று ஆவதுதான் அதன் ருசி. அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஏற்கெனவே மெத்தென்று இருப்பது ஆறினாலும் நமுக்க ஒன்றும் இல்லை. மிஞ்சிக் கட்டையான நீள ரொட்டியைப் பால், முட்டை, சர்க்கரையில் ஊறவைத்து நெய்யில் சுட்டால் பாம்பே டோஸ்ட். பிரான்சில் இதற்குத் ‘தொலைந்த ரொட்டி’ என்று பொருள்படும் பெயர்.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது இப்படி. 5.15க்கு இட்லிப் பானையில் மூன்று முட்டை. அது வேகும்போதே டோஸ்டரில் இரண்டு துண்டு, சின்னக் கடாயில் ஓர் ஆஃப்பாயில், கணவர் பந்தி முடிந்தது. 7.15க்கு டோஸ்டரில் மறுபடி இரண்டு, மேலே அரிந்த முட்டை. 8.30க்கு நேற்றைய நீள ரொட்டி தோசைக்கல்லில், நெய்யோடு, எனக்கும் அத்தைக்கும் சேர்த்து. வெள்ளிக்கிழமை என்றால் அத்தையின் துண்டு டோஸ்டருக்குப் போகும், கூடவே தேங்காய்ச் சட்னி.

எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருகிற வீடாக இருந்து, முட்டை விலக்கும் யாருக்கும் இல்லை என்றால் டோஸ்டருக்குச் செலவு செய்யாதீர்கள். கல்லும் பொடிமாஸும் போதும். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறவர்கள், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வாங்கலாம். வாங்கப் போகும்போது உங்கள் தெருப் பேக்கரி ரொட்டியில் வழக்கமாக வெட்டுகிற கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பேப்பரில் மடித்துக் கையோடு எடுத்துப் போங்கள். கடையில் டோஸ்டரை மேசையில் வைக்கச் சொல்லி, பிளக் போடாமலே அந்தத் துண்டை டோஸ்டரின் வாயில் இறக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கம்பியில் உரசாமல் இறங்கி ஏறினால் பில் போடச் சொல்லலாம்.